நாலு கிலோமீற்றர் ஆழத்திலும் மணற்கல்லில் இடம் மிஞ்சுவது எப்படி: வன்னி மணலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு கண்டுபிடித்த செய்தி 2011-இல் வந்த நாளிலிருந்து என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, அவ்வளவு ஆழத்தில, அவ்வளவு பாரத்துக்குக் கீழ, காஸ் இருக்க இடம் ஏது? அங்க குகை கிகை இருக்கோ?" கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வவுனியாப் பக்கம் குழாய்க்கிணறு அடிப்பதைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். மேலே கொஞ்சம் மண், அப்புறம் உக்கிய கல், அதற்குக் கீழே கருங்கல். வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர், அகப்படாவிட்டால் காசு போச்சு. எங்கள் காலடியில் இருப்பது நூறு கோடி ஆண்டுக் கணக்கான உருமாறிய பாறை. புவியியலாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'வன்னித் தொகுதி'தான். அந்தக் கல்லில் மணிக்கும் மணிக்கும் இடையே இடமென்று எதுவும் இல்லை. ஆகவே கல்லுக்குள் எதாவது இருக்கிறது என்றால் அது வெடிப்பில்தான் இருக்கும் என்று நாங்கள் பழகிவிட்டோம்.

கடலுக்கடியில் கதை வேறு. அங்கே இருப்பது மணற்கல். குகையும் இல்லை, ஏரியும் இல்லை; மணலின் மணிகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள், அவ்வளவுதான். இந்த இடைவெளி மொத்தக் கல்லில் எத்தனை பங்கு என்பதைத்தான் நுண்துளைமை என்கிறோம். அது புதையப் புதையக் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. சில இடங்களில் ஏன் குறையாமல் நிற்கிறது என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் படிபடியாகப் பார்க்கப் போகிறோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாலு கிலோமீற்றர் ஆழத்தில் ஒரு மணற்கல் எப்படி இருக்கும் என்பதில் பெரும்பங்கு, அது ஆற்றிலோ கழிமுகத்திலோ மணலாகக் கிடந்த அன்றே தீர்மானமாகிவிடுகிறது. அதனால் வன்னியில் நின்றுகொண்டே இதில் பாதியைப் படிக்கலாம்.

வேண்டியவை: அடி அகலமான ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று (வாயை வெட்டி, மில்லிலீற்றர் கோடு போட்டுக்கொள்ளுங்கள்), அரித்த ஆற்று மணல், பிள்ளைகள் விளையாடும் மாபிள் உருண்டை கொஞ்சம், ஈரக் களிமண், ஒரு கைவில்லை. மணலுக்காக ஆற்றைத் தோண்ட வேண்டாம். வீடு கட்டும் யாரிடமாவது இரண்டு பேணி கேளுங்கள். டிப்பர் டிப்பராக அள்ளியே எங்கள் ஆறுகள் பள்ளமாகிக் கிடக்கின்றன.

படி 1: மணலுக்குள் எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள்

போத்தலில் 300 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குள் ஒரே அளவாக அரித்த காய்ந்த மணலை மெதுவாகத் தூவிக்கொண்டே வாருங்கள். மணலின் மட்டமும் தண்ணீரின் மட்டமும் ஒன்றாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 700-க்கும் 750-க்கும் இடையே நிற்கும். 300-ஐ அந்த எண்ணால் வகுத்தால் 0.40, 0.43 என்று ஏதோ ஒன்று வரும். அதாவது நீங்கள் திடமாக நினைத்த மணலில் பத்தில் நாலு பங்கு வெறும் இடம். (மணலைப் போட்டுவிட்டு மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், காற்று சிக்கிக் கணக்குப் பிழைக்கும். நானும் முதலில் அந்தப் பிழையைத்தான் விட்டேன்.)

இனி மாபிளை வைத்து அதையே செய்யுங்கள். பெரிய உருண்டை, ஆகவே பெரிய இடைவெளி, ஆகவே கூடின நுண்துளைமை என்று மனம் சொல்லும். விடை பார்த்தால் அதே நாற்பதுக்குக் கிட்டத்தான் வரும். மணியின் பருமன் நுண்துளைமையை அவ்வளவாக மாற்றாது. மாற்றுவது கலப்பு. மாபிளையும் மணலையும் கலந்து போட்டால் மணல் போய் மாபிளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும், 300 மில்லிலீற்றர் தண்ணீருக்கு மட்டம் ஆயிரத்தையும் தாண்டிப் போகும், நுண்துளைமை முப்பதுக்குக் கீழே விழும். முல்லைத்தீவுக் கடற்கரையில் அலை இரவும் பகலும் அரித்து அரித்து ஒரே அளவாக்கிய மணலுக்கும், கனகராயன் ஆறு மாரி வெள்ளத்தில் கல்லும் மண்ணும் சேறுமாகக் கொண்டுவந்து கொட்டும் மணலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது நாற்பதில் தொடங்குகிறது, பின்னது முப்பதில். ஓட்டத்தைத் தொடங்கும் கோடே வேறு.

பருமனுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு, ஆனால் வேறு இடத்தில். தண்ணீர் எவ்வளவு வேகமாக உள்ளே ஓடும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

படி 2: மேலே பாரத்தை ஏற்றுங்கள்

போத்தலைத் தரையில் மெதுவாகத் தட்டுங்கள். மணல் மட்டம் இறங்கும், தண்ணீர் மேலே தனியாக நிற்கும். மணிகள் வழுக்கி, திரும்பி, நெருக்கமாக அமர்கின்றன. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு எவ்வளவு தட்டினாலும் இறங்காது. வீதி போடும் இடத்தில் றோலர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதல் ஐந்தாறு ஓட்டத்தில் படிவது போல் இருபதாவது ஓட்டத்தில் படியாது.

நிலத்துக்கடியிலும் இதேதான். புதையத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை கிலோமீற்றர் வரைக்கும் நுண்துளைமையைத் தின்பது இந்த நெருக்கல்தான். குவாட்ஸ் (மணலில் கண்ணாடி மாதிரி மினுங்கும் சிலிக்காக் கனிமம்) போன்ற கடினமான மணிகளால் ஆன, நன்றாக அரிக்கப்பட்ட மணல் நாற்பதிலிருந்து இருபத்தாறு, இருபத்தெட்டு அளவுக்கு இறங்கி அங்கே முரண்டு பிடித்து நிற்கும். ஒரே அளவு உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கினாலும் இருபத்தாறு சதவீத இடம் மிஞ்சும் என்று கணக்கு சொல்கிறது, அதோடு இது ஒத்துப்போவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

ஆனால் எல்லா மணியும் கடினமில்லை. ஈரக் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, மணலோடு கலந்து, மேலே ஒரு கட்டையை வைத்து ஏறி நில்லுங்கள். களி உருண்டை நசிந்து இடைவெளிக்குள் பிதுங்கும். மைக்கா (தகடாகப் பளபளக்கும் கனிமம்), சேற்றுத் துணுக்கு, உக்கிய எரிமலைக் கல்லின் துணுக்கு எல்லாம் இந்த இனம். இவை கூடின மணற்கல் இரண்டு கிலோமீற்றரிலேயே பத்து சதவீதத்துக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு எந்தத் தந்திரமும் அதைக் காப்பாற்றாது. கைவில்லையில் மணலைப் பார்க்கும்போது கண்ணாடி மாதிரி மினுங்குவது எத்தனை, தகடாகப் பளபளப்பது எத்தனை, நகத்தால் நசித்தால் நசிவது எத்தனை என்று நூறு மணி எண்ணிப் பாருங்கள். அலுப்பான வேலை. ஆனால் எண்ணெய்க் கம்பனிகளின் ஆய்வுகூடங்களில் நடப்பதும் இந்த எண்ணும் வேலைதான், அங்கே நுணுக்குக்காட்டியின் கீழே எண்ணுகிறார்கள்.

படி 3: ஆழம் என்று சொல்வதை எங்கிருந்து அளக்கிறோம்?

இது சின்னப் படி, ஆனால் பத்திரிகைகள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம். மன்னார் வடிநிலத்தில் 2011-இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பலை வைத்துத் தோண்டிய டொராடோக் கிணற்றில் எரிவாயு உள்ள மணற்கல் மூவாயிரம் மீற்றருக்குச் சற்றுக் கீழே கிடைத்தது. அதில் ஏறத்தாழ 1,350 மீற்றர் கடல் தண்ணீர். கழித்துப் பாருங்கள், அந்த மணற்கல்லின் மேலே உண்மையில் கிடப்பது ஆயிரத்து எழுநூறு மீற்றர் அடையல்தான். அதே ஆண்டு தோண்டிய பரகூடா (அது எங்கள் சீலா மீன்தான், பெயர் வைத்தவருக்கு மீன் பைத்தியம் போல) நாலாயிரம் மீற்றரைத் தாண்டியது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 1,500 மீற்றர், ஆகவே புதைவு இரண்டரை கிலோமீற்றருக்குச் சற்று மேலே.

தண்ணீரின் பாரம் பாரமில்லையா? மணிகளுக்கு இல்லை. கடல் தண்ணீர் மேலிருந்து எவ்வளவு அமுக்குகிறதோ, மணிகளுக்கு நடுவே இருக்கும் தண்ணீரும் அதே அளவு அமுக்கத்தோடு உள்ளிருந்து தாங்குகிறது. மணிகள் ஒன்றையொன்று நெரிப்பது, மேலுள்ள மொத்தப் பாரத்திலிருந்து உள்ளே உள்ள தண்ணீரின் அமுக்கத்தைக் கழித்து மிஞ்சுவதால்தான். இந்தக் கழித்தலை நன்றாக மனதில் வைத்திருங்கள், படி 6-இல் மறுபடி வரும். செய்தியில் ஓர் ஆழத்தைப் பார்த்தால் முதலில் கடலைக் கழியுங்கள். கழிக்காமல் கதைத்தால் முழுக் கணக்கும் பிழை.

படி 4: சூட்டைக் கணக்குப் பாருங்கள், ஏனென்றால் உண்மையான எதிரி அதுதான்

பாரம் நசித்துப் பார்த்துக் களைத்துப்போகும் இடத்தில் சூடு வேலையைக் கையில் எடுக்கிறது. கீழே போகப் போக ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு ஏறுவது பரவலான நிலை. எழுபது, எண்பது பாகையைத் தாண்டியதும் குவாட்ஸ் மெல்லக் கரையத் தொடங்கும். கரைவது பெரும்பாலும் மைக்காவோ களியோ குவாட்ஸில் முட்டிக்கொண்டிருக்கும் இடங்களில். அந்தச் சிலிக்கா அப்படியே கொஞ்சத் தூரம் தண்ணீருக்குள் பரவி, பக்கத்தில் உள்ள துப்புரவான குவாட்ஸ் மணியின் மேலே போய்ப் படிகமாகப் படிந்துவிடும். மணி பருக்கிறது, இடைவெளி சிறுக்கிறது, ஒரு கட்டத்தில் மணலைச் சீமெந்து போட்டுப் பூசியது போல இறுகிவிடும்.

பனங்கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? பாகுக்குள் நூலைத் தொங்கவிட்டு வைத்தால் முதலில் ஒன்றிரண்டு பரல் பிடிக்கும், பிறகு அந்தப் பரலின் மேலேதான் அடுத்தது வளரும். தன் இனத்தைக் கண்ட இடத்தில் படிகம் சுலபமாக வளரும். குவாட்ஸும் அப்படித்தான். குவாட்ஸ் மணியின் வெறும் முகம்தான் அதற்கு நூல்.

இங்கே கவனிக்க வேண்டியது வேகம். சூடு பத்துப் பாகை ஏறினால் இந்தப் படிவு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேகமாகும். நாற்பது பாகை ஏறினால் குறைந்தது ஐந்து மடங்கு, பதினைந்தையும் தாண்டலாம். ஆகவே ஆழம் என்ற ஒரே எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: எவ்வளவு சூட்டில்? எத்தனை கோடி ஆண்டு? அடுப்பில் வைத்த சட்டி எவ்வளவு பெரியது என்று கேட்டு என்ன பயன், நெருப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்றல்லவா கேட்க வேண்டும்.

ஒரு கடுதாசி எடுத்துக் குறுக்கே காலத்தையும் நெடுக்கே சூட்டையும் குறியுங்கள். மணல் படிந்த நாளிலிருந்து இன்றுவரை அது எந்தெந்தச் சூட்டில் எவ்வளவு காலம் கிடந்தது என்று ஒரு கோடு. இரண்டு மணற்கற்கள் இன்று ஐந்து கிலோமீற்றரில் கிடக்கலாம்; ஒன்று பத்துக் கோடி ஆண்டுக்கு முன்பே அங்கே போய் அன்றிலிருந்து வெந்துகொண்டிருக்கிறது, மற்றது மேலேயே நெடுங்காலம் சும்மா கிடந்து கடைசி ஐம்பது லட்சம் ஆண்டில் சடாரென்று இறங்கியது. இரண்டும் ஒன்றாகுமா? சீனாவின் தாரிம் வடிநிலத்தின் வட ஓரத்தில் ஆறு முதல் எட்டு கிலோமீற்றர் ஆழத்தில் மணற்கல்லிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். அங்கே நிலம் ஒப்பீட்டளவில் குளிர்ச்சி, ஆழமான புதைவும் கடைசிக் கட்டத்தில்தான் நடந்தது. அங்கேயும் துளை ஒன்றும் பெரிதாக இல்லை, பத்துக்குக் கீழேதான், வெடிப்புகள் கைகொடுக்கின்றன. அவ்வளவு ஆழத்தில் அதுவே பெரிய விஷயம்.

டொராடோவுக்குத் திரும்பினால், கிலோமீற்றருக்கு 30 பாகை என்றும் ஆழ்கடலின் அடி ஆறேழு பாகைக் குளிர் என்றும் எடுத்துக்கொண்டால், ஆயிரத்து எழுநூறு மீற்றர் புதைவில் ஐம்பத்தைந்து, அறுபது பாகை வரும். குவாட்ஸ் சீமெந்து தொடங்கும் கோட்டுக்குக் கீழே. பரகூடாவின் மணலுக்கு இதே கணக்கில் எண்பதுக்கு மேலே வரும், கோட்டை அப்போதுதான் தாண்டுகிறது. இது நானாகப் போட்ட கைக்கணக்கு, அளந்த எண் இல்லை. ஆனாலும் மூவாயிரம், நாலாயிரம் என்று செய்தியில் வாசித்து மலைப்பது எவ்வளவு தேவையில்லாதது என்று காட்ட இது போதும்.

படி 5: மணியின் சட்டையைப் பாருங்கள்

இந்தப் படிதான் எனக்குப் பிடித்தது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

அமெரிக்காவின் லூசியானாவில் டஸ்கலூசா என்ற மணற்கல் ஆறு கிலோமீற்றர் ஆழத்திலும் இருபது சதவீதத்துக்கு மேல் நுண்துளைமை வைத்திருக்கிறது. நோர்வேக் கடலுக்கடியிலும் நாலு, ஐந்து கிலோமீற்றரில் அப்படியானவை உண்டு. படி 4-இல் சொன்ன கணக்குப்படி அவை எப்போதோ இறுகியிருக்க வேண்டும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒவ்வொரு குவாட்ஸ் மணியையும் சுற்றி மெல்லிய பச்சை நிற உறை. குளோரைற்று என்ற இரும்புச் சத்து மிக்க களிக் கனிமம். தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு கூட இராது. பனங்கற்கண்டு நூலில் பிடித்த பரல்களின் மேல் களியைப் பூசிவிட்டால் என்ன ஆகும்? பாகு இருக்கிறது, ஆனால் பரலைக் காணவில்லை. வளர இடம் பிடிபடாது. குவாட்ஸுக்கும் அதுதான் நடக்கிறது. சூடு உண்டு, சிலிக்காவும் உண்டு, ஒட்டிக்கொள்ள வெறும் முகம் மட்டும் இல்லை.

இந்தச் சட்டையை மணி எங்கே போட்டுக்கொள்கிறது? பெரும்பாலும் ஆறு கடலில் விழும் இடத்தில். செம்மண் நிலங்களைக் கழுவிக்கொண்டு இரும்பைச் சுமந்து வரும் நன்னீர் உப்புத் தண்ணீரைத் தொட்டதும், அதுவரை மிதந்துகொண்டு வந்த களித்துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கீழே படியும். கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் பக்கம் மாரி முடிந்து தண்ணீர் தெளியும் நாட்களில் சேற்று ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் வற்றிய இடத்தில் மணலின் மேலே பாசி படர்ந்து ஒரு வழுவழுப்பு இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் சுரக்கும் பசை அது. அந்தப் பசை களித்துணுக்கை மணியோடு ஒட்டிவிடுகிறது. புழுவும் தன் பங்குக்கு மணலை விழுங்கிக் கழிக்கிறது; அதன் குடலுக்குள் போய்வந்த மணியின் மேலே களிப்பூச்சு ஒட்டியிருப்பதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். பிறகு புதைந்து சூடேறும்போது அந்த அழுக்குக் களி மெல்ல மெல்லக் குளோரைற்றாக மாறும். அதாவது லூசியானாவில் இன்று ஆறு கிலோமீற்றருக்குக் கீழே எரிவாயுவுக்கு இடம் வைத்திருப்பது, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரு கழிமுகத்தில் மணியில் ஒட்டிய அழுக்கு.

சரி, அப்படியென்றால் அழுக்கு மணல்தான் நல்ல மணலா? அவசரப்படாதீர்கள். சட்டைக்கு நிபந்தனைகள் உண்டு.

மணியை முழுதாக மூடியிருக்க வேண்டும். ஒரு சின்னக் கிழிசல் போதும், அந்த வழியாகக் குவாட்ஸ் தலையை நீட்டி, வெளியே வந்து இடைவெளியெங்கும் விரிந்துவிடும். பாதி மூடிய சட்டை பாதிப் பயன் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று கேளுங்கள். முழுதுக்குக் கிட்ட இருந்தால்தான் நம்பலாம்.

மெல்லியதாகவும் இருக்க வேண்டும். கூடினால் களியே இடைவெளியை அடைத்துவிடும். மணிகளின் பருமனையும் பார்க்க வேண்டும்: நுண்மணலில் மொத்த முகப்பரப்பு மிகக் கூட, அதையெல்லாம் மூட அவ்வளவு களி வேண்டும், பருமணலுக்குக் கொஞ்சம் போதும்.

அப்புறம், அது முந்தி வந்ததா பிந்தி வந்ததா என்று பாருங்கள். கல்லின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்து, இரண்டு மணி முட்டும் இடத்தைத் தேடுங்கள். அந்த முட்டிய இடத்துக்கு உள்ளேயும் உறை சிக்கிக்கிடந்தால், மணிகள் நெருங்கும் முன்பே சட்டை போட்டாயிற்று என்று அர்த்தம். இடைவெளிப் பக்கம் மட்டும் இருந்தால் அது புதைந்த பிறகு வளர்ந்தது.

குளோரைற்று ஒன்றுதான் சட்டை என்றும் இல்லை. பிரித்தானியாப் பக்கத்து வடகடலில், ஜூராசிக் காலத்து மணல்கள் சிலவற்றில் கடற்பஞ்சுகளின் சிலிக்கா முட்கள் நிறையக் கிடந்தன. அவை கரைந்து மணியின் மேலே பொடிப்பொடியாக, ஆளுக்கொரு திசை பார்க்கும் நுண்குவாட்ஸாகப் படிந்தன. குவாட்ஸின் மேலே குவாட்ஸ்தானே, பிறகேன் வளரவில்லை என்று கேட்கலாம். திசை ஒத்துப்போகாத பொடிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எதுவும் பெரிதாக வளர முடியாமல் நின்றுவிடுகின்றன. கோவில் திருவிழாவில் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: உள்ளே இருக்கும் தண்ணீர் யாருடைய பாரத்தைத் தாங்குகிறது?

படி 3-இன் கழித்தலை எடுங்கள். கடல் அடியிலிருந்து நாலு கிலோமீற்றரில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு மேலே இருந்து வரும் பாரம் ஏறத்தாழ 900 கிலோ. வழக்கமான நிலையில் உள்ளே உள்ள தண்ணீரின் அமுக்கம் 400. மிச்சம் 500 மணிகளின் தலையில். இப்போது அந்த மணல் வேகமாகப் புதைந்து, சுற்றிலும் முருங்கன் களி மாதிரித் தண்ணீர் விடாத களிக்கல் மூடியிருந்தால், தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கும். மேலே பாரம் கூடக்கூட அந்தத் தண்ணீர்தான் அதைத் தாங்கும். அமுக்கம் 750 வரை ஏறியது என்று வையுங்கள். மணியின் தலையில் 150 மட்டுமே. அது சாதாரணமாக ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேலே கிடக்கும் மணல் சுமக்கும் பாரம். நாலு கிலோமீற்றரில் கிடந்தாலும் தான் ஒரு கிலோமீற்றரில்தான் இருப்பதாக மணி நினைத்துக்கொள்கிறது.

லொறி டயரைப் பாருங்கள். மூட்டைகளைத் தாங்குவது றப்பர் இல்லை, உள்ளே அடைபட்ட காற்று. காற்று இறங்கினால் றிம் தரையைத் தொடும். மணற்கல்லிலும் இதே கதை: மூடி எங்காவது கசிந்தால், அல்லது நாங்களே எரிவாயுவை எடுத்து அமுக்கத்தைக் குறைத்தால், பாரம் மணிகளின் மேலே திரும்ப இறங்கும். வடகடலின் எல்ஜின்-பிராங்க்ளின் வயல்களில் ஐந்து கிலோமீற்றருக்கும் கீழே 1,100 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ) அமுக்கமும் 190 பாகைச் சூடும் இருந்தன. அப்படியான இடத்தில் கிணறு தோண்டுவது தனிக் கலை, தனி ஆபத்து, அதை இங்கே எழுதப் புகுந்தால் முடியாது.

ஒரு எச்சரிக்கை. இந்த உள்ளமுக்கம் நசிவதிலிருந்துதான் காப்பாற்றும். சூட்டில் குவாட்ஸ் வளர்வதை அது நேரடியாக நிறுத்தாது. அமுக்கமும் சட்டையும் சேர்ந்து வாய்த்த மணற்கல்தான் உண்மையில் அதிர்ஷ்டசாலி.

படி 7: கேள்விப்படும் மற்றக் காரணங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள்

பெல்ஸ்பார் (மணலில் குவாட்ஸோடு கிடக்கும் இன்னொரு கனிமம்) கரைந்து புதுத் துளை உண்டாகும் என்று நிறைய எழுதியிருப்பார்கள். கரைவது உண்மை, சீவலில் பார்த்தால் எலும்புக்கூடு மாதிரிப் பெல்ஸ்பார் தெரியும், அழகாகக்கூட இருக்கும். ஆனால் கரைந்தது எங்கே போனது? ஆழத்தில் தண்ணீர் ஓட்டம் மிகக் குறைவு, ஆகவே அது தூரம் போகாமல் பக்கத்து இடைவெளியில் கயோலின், இல்லைற்று என்ற களிக் கனிமங்களாகவும் குவாட்ஸாகவும் உட்கார்ந்துவிடும். கடன் வாங்கிக் கடன் அடைக்கிற வேலை. துளை இடம் மாறியிருக்கும், கூடியிருக்காது. ஆழமில்லாத இடத்தில் மழைத்தண்ணீர் ஓடிக் கழுவிக்கொண்டு போனால் மட்டும் நிகர லாபம் கிடைக்கும்.

எண்ணெய் முந்தி வந்து நிறைந்துவிட்டால் சீமெந்து நின்றுவிடும் என்பது இன்னொன்று. இதில் அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். மணியைச் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் பெரும்பாலும் மிஞ்சும், அதன் வழியே சிலிக்கா போகும் என்பார் ஒரு சாரார். வேகம் குறையும், நிற்காது என்பது என் எண்ணம்.

உப்புப் பாறைக்குக் கீழே உள்ள மணலுக்கு ஒரு சலுகை நிச்சயமாக உண்டு. உப்பு சூட்டை மிக நன்றாகக் கடத்தும், ஆகவே தடித்த உப்புப் படையின் கீழே இருக்கும் பாறை அதே ஆழத்தில் வேறிடத்தில் இருப்பதைவிடக் குளிராக இருக்கும். மெக்சிக்கோ வளைகுடாவில் இது பெரிய விஷயம்.

கல்சைற்று என்ற சுண்ணாம்புக் கனிமத்தைப் பற்றியும் ஒரு வரி: சிப்பி ஓடுகள் கூடின மணலில் அது முந்தியே படிந்து எல்லா இடத்தையும் அடைத்துவிடும், பிறகு திறப்பது அரிது.

படி 8: இடம் இருந்தால் போதுமா, ஓடுமா?

புட்டு அவிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மா உதிரி உதிரியாக இருந்தால் நீத்துப்பெட்டிக்குள் ஆவி அடியிலிருந்து நுனிவரை ஏறும். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனால் மா களியாகிவிடும். உள்ளே காற்று இடம் இருக்கலாம், ஆனால் ஆவிக்கு வழி இல்லை, நடு வேகாது. மணற்கல்லுக்கும் இடம் வேறு, வழி வேறு. வழி விடும் தன்மையை ஊடுபுகவிடும் இயல்பு என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இங்கேதான் மணியின் பருமன் வருகிறது: மாபிள் போத்தலில் தண்ணீர் சடாரென்று இறங்கும், நுண்மணலில் ஊறி ஊறித்தான் இறங்கும், இரண்டிலும் நுண்துளைமை ஒன்றே.

ஆழத்தில் இந்த வழியை அடைக்கும் வில்லன் இல்லைற்று. 120, 130 பாகையை நெருங்கும்போது கயோலினும் பொட்டாசியப் பெல்ஸ்பாரும் சேர்ந்து இல்லைற்றாக மாறும். அது மயிர் மயிராக, சிலந்தி வலை போல இடைவெளிகளுக்குக் குறுக்கே வளரும். அளந்தால் நுண்துளைமை பதினைந்து இருக்கும், கிணற்றைத் திறந்தால் ஒன்றும் வராது. ஆகவே ஆழமான மணற்கல்லில் கயோலினையும் பொட்டாசியப் பெல்ஸ்பாரையும் பக்கத்தில் பக்கத்தில் கண்டால் சூட்டைத் திரும்பவும் கணக்குப் பாருங்கள்.

படி 9: ஒரு துண்டு கல் கையில் கிடைத்தால்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு இது. கல்லின் இடைவெளிக்குள் நீலச் சாயம் கலந்த பிசினை இறக்கி, மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வையுங்கள். நீலமாகத் தெரிவதெல்லாம் துளை. முதலில் மணிகளை எண்ணுங்கள்: கடினம் எத்தனை, நசிவது எத்தனை. அடுத்து, துளையையும் மணிகளுக்கு நடுவே படிந்த சீமெந்தையும் சேர்த்துக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இருபத்தாறைவிட மிகக் குறைவென்றால் நசிவுதான் தின்றிருக்கிறது. கூட்டுத்தொகை பெரிது, நீலம் மட்டும் சிறிது என்றால் சீமெந்து தின்றிருக்கிறது. முப்பதைத் தாண்டினால் ஒன்றில் சீமெந்து மிக முந்தியே வந்து மணிகளைப் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது உள்ளமுக்கம் காத்திருக்கிறது. பிறகு மணியின் ஓரத்தைப் பெரிதாக்கிச் சட்டையைத் தேடுங்கள், முட்டும் இடங்களைத் தேடுங்கள், கிழிசல்களை எண்ணுங்கள். படி 4-இல் வரைந்த சூட்டுக் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சீமெந்து எந்தப் பாகையில் வந்திருக்கும் என்று அதில் குறித்துக்கொண்டே போகலாம்.

கல்லைக் காயவைக்கும்போது மட்டும் கவனம். வெறும் காற்றில் காயவிட்டால், தண்ணீர் பின்வாங்கும்போது இல்லைற்று மயிர்கள் நனைந்த தலைமயிர் மாதிரி மணியோடு ஒட்டிப் படுத்துவிடும். வழி திறந்துவிட்டது போல ஆகும். அந்தக் கல்லில் ஊடுபுகவிடும் இயல்பை அளந்தால் எண் பிரமாதமாக வரும், கிணற்றில் அந்த எண் கிடைக்காது. இல்லைற்று இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கல்லை மூடி ஈரமாகவே வைத்திருந்து, உலர்த்தும் முறையை ஆய்வுகூடத்தில் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.